நாலு தையல்

ஏலச் சீட்டு நூற்றுப் பன்னிரண்டு:
பிடி உடைந்த வாஃபிள் அச்சு ஒன்று,
அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பூட்ஸ் பெட்டி.
ஏழு டாலர். எதிர்த்துக் கேட்க ஆளில்லை.
அச்சை அங்கேயே விட்டுவிட்டுப்
பெட்டியோடு வண்டி ஏறினான் வெர்லின் ஹாக்ஸ்டாட்.

வடக்கு டகோடாவில் நெடுஞ்சாலைப் பனி வாருகிறவன்.
பனி விழாத ராத்திரிகளில்
யாரோ தொடங்கி யாரோ பரணில் போட்ட
குவில்ட்டுகளை முடிக்கிறவன்.
ஏன் என்று கேட்டால்
"பாதி வாரின ரோட்டை விட்டுட்டு வர முடியுமா?" என்பான்.
அதற்கு மேல் கேட்டால் காபி ஊற்றுவான்.

பெட்டிக்குள் முப்பத்தைந்து கட்டங்கள்.
தீவன மூட்டைத் துணி, சட்டைக் காலரின் நீலம்,
ஒரு பச்சை. அந்தப் பச்சை மட்டும்
இரண்டே இடத்தில், கஞ்சமாய்.
ஒன்றுகூட ஒன்பது அங்குலம் இல்லை:
எட்டே முக்கால், ஒன்பதே கால்,
ஒன்று கோணிக்கொண்டு ஓடியே போயிருந்தது.
எலி வாசம் போக மூன்று நாள் கொட்டகைக் கயிற்றில்.
துவைக்கவில்லை,
பின்பக்கம் காகிதம்.

மெல்லிய பட்டைகள் இழுபடாமலிருக்க
காகிதத்தின் மேல் வைத்துத் தைப்பதுதான்.
செய்தித்தாள் இருக்கும்,
விதைக் கடை விலைப்பட்டியல் இருக்கும்.
இது கடிதம்.
ஊதா மை, ஒரே கையெழுத்து.
கிழித்தெடுத்தால்தான் பஞ்சு வைக்கலாம்.
கிழிக்கிறவன் படிக்காமல் எப்படிக் கிழிப்பான்?

கோதுமை இந்த வருஷமும்
நீ அனுப்பிய கையுறை சின்ன
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்
உன் அக்கா கேட்டால் நான்
புதன்கிழமை ரயிலில் வர

வர.
அங்கே துணி மடிந்து மூடியிருந்தது.
வருகிறேனா, வரமாட்டேனா, வரச் சொல்கிறானா,
சொல்லின் வால் தையலுக்குள் போய்விட்டது.

அவள் ஒன்றோடொன்று சேர்த்துவைத்தவை நாலே கட்டங்கள்.
அவற்றில் ஒன்று இது.
மற்ற மடிப்பெல்லாம் தளர்ந்து கிடக்க
இதை மட்டும் கருப்பு நூலால் அடக்கியிருந்தாள்,
நாலு தையல்.
இடது கைக்காரி போல.
நாலும் இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

பிறகு பெரும் பனி, இரண்டு ராத்திரி.
கண்ணாடித் துடைப்பான்
போகும்போது வர என்றது,
வரும்போதும் வர என்றது.
மூன்றாம் விடியலில்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
நாலையும் பிரித்தான்.

மடிப்புக்குள் காகிதமே இல்லை.
வெட்டு மட்டும், நேராக.
கத்தரி அவனுக்கு முன்பே படித்திருந்தது.

ஏன் தைத்தாள் என்பதும் தெரிந்தது:
அந்த இடத்தில் துணி தடிமன்,
அடங்காமல் நிமிர்ந்து நிமிர்ந்து நின்றிருக்கும்.
அவ்வளவுதான்.
அவனுக்குக் காது சுட்டது,
அடுத்த வீட்டு ஜன்னலடியில் பிடிபட்டவனைப் போல.

கருப்பு நூல் தேடியெடுத்துத் திரும்பத் தைத்தான்,
அவள் போட்ட துளைகளிலேயே.
ஊசி போன வழியே நூல் போகும்.
போயிற்று.
என்றாலும் வலது கை,
நாலும் வலப்பக்கம் சாய்ந்துவிட்டன.

மற்ற முப்பத்துநாலிலும் காகிதத்தை உரித்தான்.
குட்டைக் கட்டங்களுக்குப் பழுப்புப் பட்டை கொடுத்து
உயரம் கூட்டினான்.
கோணலை நிமிர்த்தவில்லை, ஒரு மூலையில் இடம் கொடுத்தான்.
அடித்துணிக்கு, மூடிய மோட்டலின் திரைச்சீலை.
அந்த ஒரு கட்டத்தில் மட்டும்
கடிதம் அப்படியே கிடக்கிறது,
துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே.
முதல் துவைப்பு வரை இருக்கும்.

பிப்ரவரி. டிப்போவில் மாட்டிக்கொண்ட ராத்திரி,
மடக்குக் கட்டிலில் அதை இழுத்துப் போர்த்திய கார்லிஸ்
புரண்டான், நிமிர்ந்தான், மறுபடி புரண்டான்.
"உள்ளே என்னமோ சரசரங்குது.
சிப்ஸ் பாக்கெட்டை வெச்சுத் தெச்சுட்டியா?"

"இடது பக்கம் திரும்பிப் படு" என்றான் வெர்லின்.
ரேடியோ அடுத்த சாலையின் எண்ணைச் சொன்னது.